வேபிரைட் தகடு

டன்லீத், இந்தியானா
1974 மார்ச் 11

திரு. வெண்டல் ரஸ்க் அவர்களுக்கு,

நான் ஆர்லோ ஸ்டாஃபரின் மனைவி டெல்ஃபா. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு, தக்காளியை டப்பாவில் அடைக்கிற ஆலைக்கு வேலைக்குப் போனவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய கார் சங்கத்துப் பத்திரிகை இந்த மாதமும் ஆர்லோ பெயருக்கு வந்திருக்கிறது. இனிமேல் அனுப்ப வேண்டாம். ஆர்லோ பிப்ரவரியில் இறந்துவிட்டார். மாரடைப்பு. முன்வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

எழுத வந்தது அது மட்டும் இல்லை. ஜனவரிப் பத்திரிகையில், பழைய கார் கம்பெனிகளின் பட்டியலிலிருந்து எங்கள் ஊர் வேபிரைட்டை நீக்கிவிட்டதாகப் போட்டிருந்தீர்கள். "வேபிரைட் சகோதரர்கள் குதிரை வண்டி செய்தார்கள், கார் செய்ததற்கு ஒரு திருகாணி அளவுகூடச் சான்று இல்லை, திரு. ஸ்டாஃபர் ஐந்து வயதில் பார்த்ததாகச் சொல்வது பிள்ளைக் கனவு." இதுதான் நீங்கள் எழுதியது. ஆர்லோ அதை நின்றுகொண்டே வாசித்தார். மடித்து ரொட்டிப் பெட்டிக்கு மேல் வைத்தார். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகவே இல்லை.

உங்களால்தான் செத்தார் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் கடைசியாக வாசித்தது அது. அந்தக் காரை மறுபடி பட்டியலில் போடுங்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

டெல்ஃபா ஸ்டாஃபர்

*

க்ரெஸ்ட்டன், அயோவா
1974 மார்ச் 19

மதிப்புக்குரிய திருமதி ஸ்டாஃபர்,

தங்கள் கடிதத்தை என் மனைவி மார்ஜ்தான் முதலில் பிரித்தாள். வாசித்துவிட்டு என் முன்னால் வைத்து, "இத நீயே படி. நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆர்லோவுக்கும் எனக்கும் பதினோரு ஆண்டுக் கடிதப் பழக்கம். நான் நாற்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன். நிறுத்துப் பார்க்காததைப் புட்டியில் அடைத்தால் ஆள் செத்துப்போவான் என்பது என் தொழிலின் பாடம். அதே கண்டிப்பைப் பட்டியலிலும் வைத்தேன். "பிள்ளைக் கனவு" என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

ஆர்லோ ஒருமுறை இங்கே வந்து, என் கொட்டகையில் நிற்கும் பெயரில்லாத வண்டியைப் பார்த்தார். தங்களிடமும் சொல்லியிருப்பார். 1908 வாக்கில் செய்தது. எஞ்சின் ஓர் ஊரில் வாங்கியது, அச்சு இன்னோர் ஊரில். அந்தக் காலத்துச் சின்னக் கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான், சாமான்களை வாங்கிப் பூட்டி, முன்னால் தங்கள் பெயர்த் தகட்டை அறைந்து விற்பார்கள். தகடு போனால் வண்டி அநாதை. என் வண்டியில் தகடு இல்லை. ஆர்லோ இருக்கையின் வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வேபிரைட்தான் வெண்டல், அவங்க குதிரை வண்டிக்கும் இதே முதுகுதான்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வண்டியின் பழைய பெயிண்டை இதுவரை சுரண்டாமல் வைத்திருக்கிறேன். பூச்சுகளுக்கு அடியில் ஏதாவது எழுத்து இருக்கலாம். நாங்கள் நனைத்த உப்புத்தாளால் காசளவுக்கு ஓர் இடத்தை மட்டும் தேய்ப்போம். மரத்தின் வளையம்போல ஒவ்வொரு பூச்சும் தெரியும். அந்தப் பொறுமைதான் எங்களுக்குச் சொத்து.

சான்று இல்லாமல் மறுபடி சேர்க்க என்னால் முடியாது. சேர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு தகடு, ஒரு விலைச்சீட்டு, ஒரு படம், எது கிடைத்தாலும் அனுப்புங்கள். என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்க மாட்டான்.

வெண்டல் ரஸ்க்

*

டன்லீத்
1974 மே 2

திரு. ரஸ்க் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஓப்பலுக்கு வாசித்துக் காட்டினேன். "செத்தவன் பொண்டாட்டிகிட்டகூட சான்று கேக்குறானே, இந்தாளு சொர்க்கத்து வாசல்ல காவல் இருக்குற புனித பீட்டரையே நிக்க வச்சு பேரு கேப்பான் போல" என்றாள். பிறகு, "ஆனா மரியாதையாத்தான் எழுதியிருக்கான்டி" என்றும் சொன்னாள்.

இத்துடன் ஒரு பித்தளைத் தகடு வைத்திருக்கிறேன். வேபிரைட் என்று எழுதியிருக்கிறது, நீங்களே பார்க்கலாம். ஆர்லோவின் அப்பா வேபிரைட் பட்டறையில் வண்டிகளுக்கு அழகுக்காகத் தூரிகையால் மெல்லிய கோடு இழுக்கிற வேலையில் இருந்தவர். அவருடைய தூரிகைப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே இருந்தது. தேடி எடுக்க நாளாகிவிட்டது.

கார் பச்சை நிறம். ஆர்லோ சொல்லியிருக்கிறார்.

இது போதும் என்று நினைக்கிறேன். அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

டெல்ஃபா ஸ்டாஃபர்

*

க்ரெஸ்ட்டன்
1974 மே 14

மதிப்புக்குரிய திருமதி ஸ்டாஃபர்,

பொட்டலத்தைப் பிரித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மார்ஜ் ஓடிவந்து, "என்னாச்சு, உனக்கும் நெஞ்சுவலியா?" என்றாள். தகட்டைக் காட்டினேன். "இந்தத் துண்டுக்காகவா அந்த மனுஷன அவ்ளோ பேசின?" என்று கேட்டாள்.

ஓரங்களில் ஏறியிருக்கும் பச்சைக் களிம்பு, எழுத்துகளின் கை வேலை, எல்லாம் அந்தக் காலத்துச் சின்னப் பட்டறைக்குப் பொருந்துகிறது. தகட்டின் ஆணித் துளைகள் என் வண்டியின் முகப்பில் உள்ளவற்றோடு சேரவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அதை வைத்தே மூன்று மாதம் யோசித்திருப்பேன். இந்த முறை யோசிக்கவில்லை. ஆர்லோவைப் போதுமான அளவு சந்தேகப்பட்டாயிற்று. முகப்பில் புதிதாக இரண்டு துளை போட்டு மாட்டிவிட்டேன்.

ஜூன் இதழில் வேபிரைட் பட்டியலுக்குத் திரும்புகிறது. "ஆர்லோ ஸ்டாஃபர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு" என்று என் பெயரில் போடுகிறேன். இந்தக் கோடையில் வண்டியின் பெயிண்டை எடுத்துவிட்டுப் பச்சை அடிக்கப்போகிறேன். செப்டம்பரில் டெ மாய்னில் எங்கள் கூட்டம். வண்டிக்குப் பக்கத்தில் அவர் பெயரோடு ஓர் அட்டை நிற்கும். தாங்கள் வந்து முதல் சவாரி போக வேண்டும். மார்ஜ் தங்களுக்கு அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

வெண்டல் ரஸ்க்

*

டன்லீத்
1974 ஜூன் 20

திரு. ரஸ்க் அவர்களுக்கு,

ஜூன் பத்திரிகை வந்தது. ஓப்பல் அதைத் தேவாலயத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். பாதிரியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பெயிண்டை எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். ஆர்லோவுக்குப் பழசு பழசாக இருந்தால்தான் பிடிக்கும். கூட்டத்துக்கு என்னால் வர முடியாது, முட்டி வலி. அட்டையும் வேண்டாம். பட்டியலில் போட்டாயிற்றே, அது போதும்.

அவசரப்படாதீர்கள். எனக்காகக் கேட்கிறேன்.

டெல்ஃபா ஸ்டாஃபர்

*

க்ரெஸ்ட்டன்
1974 ஜூலை 8

மதிப்புக்குரிய திருமதி ஸ்டாஃபர்,

தங்கள் கடிதம் வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. மன்னிக்கவும். பெயிண்ட் உரிக்கிற மருந்தைத் தடவிய பிறகு வேலையை நடுவில் நிறுத்த முடியாது. படம் வைத்திருக்கிறேன். பச்சை நன்றாக இருக்கிறது, இல்லையா? மார்ஜ், "பட்டாணி வண்டி மாதிரி இருக்கு" என்கிறாள். அவளுக்கு எல்லாமே சாப்பாடுதான்.

ஒரு சின்ன விஷயம், தங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன். இருக்கையின் முதுகுப் பலகையில் மருந்து ஊறி, மேல் பூச்சுகள் தோலாக உரிந்து வந்தபோது, அடியில் ஒரு தங்க நிறக் கோடு தெரிந்தது. மயிரிழை அளவு. மூலைக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, சின்ன இலைபோல முடிந்தது. துணி ஏற்கெனவே என் கையில் இருந்தது, கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். முன்பென்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, படம் எடுத்து, நாலு பேருக்கு எழுதியிருப்பேன். இப்போது எதற்கு? பெயர்தான் தெரிந்துவிட்டதே.

முட்டி வலிக்கு மார்ஜ் ஒரு தைலம் அனுப்புகிறாள். தாங்கள் வராமல் அட்டையை வைக்க எனக்கு மனமில்லை. யோசியுங்கள்.

வெண்டல் ரஸ்க்

*

டன்லீத்
1974 ஆகஸ்ட் 5

திரு. ரஸ்க் அவர்களுக்கு,

தைலத்துக்கு நன்றி என்று மார்ஜிடம் சொல்லுங்கள். நான் அதைத் திறக்கவில்லை. எனக்கு முட்டி வலி இல்லை.

அந்தத் தகடு ஆர்லோ செய்தது. மூன்று வருடம் முன்னால், குழாய் ஆலையில் அவரோடு வேலை பார்த்த டூயியிடம் சொல்லி வார்த்தது. வார்ப்புக்கு வேண்டிய எழுத்தை ஆர்லோவே மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இது நான் பண்ணது டெல்ஃபா. எப்படி இருந்திருக்கும்னு பாக்க ஆசையா இருந்துச்சு. வெளிய யார் கண்ணுலயும் படக் கூடாது. பட்டா, நாளைக்கு எவனாவது நெஜம்னு நெனச்சு எழுதிடுவான்" என்றார். கொட்டகையில் ஆணி அடித்து மாட்டினார். உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள்.

நான்தான் எடுத்தேன். பளபளவென்று இருந்தது. கோழிக்கூண்டில் எச்சத்துக்கு அடியில் புதைத்து வைத்தேன். கோழி எச்சம் பித்தளையைக் கிழமாக்கிவிடும், கோழி வளர்க்கிறவளுக்கு அது தெரியாதா? ஏப்ரல் முழுக்க ஒவ்வொரு தடவை முட்டை எடுக்கப் போகும்போதும் தோண்டிப் பார்த்தேன். தூரிகைப் பெட்டி என்று எழுதினேனே, அப்படி ஒரு பெட்டியே எங்கள் வீட்டில் இல்லை.

பச்சை என்று எழுதியதும் நான்தான். சொன்னார், ஏதோ ஒரு நிறம் சொன்னார்.

நீங்கள் என்னிடம் சான்று கேட்ட கடிதத்தைப் பத்துத் தடவை வாசித்தேன். எனக்குக் கோபம். உங்களை எப்படியாவது தலைகுனிய வைக்க வேண்டும் என்று இருந்தது. நீங்கள் குனிந்தீர்கள். எனக்கு நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பத்திரிகை வரும்வரைக்கும் நன்றாக இருந்தது. அதில் ஆர்லோ பெயரைப் பார்த்த பிறகு நன்றாக இல்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று உங்களிடம் சண்டை போட்டேன். இன்றைக்கு அவர் பெயரில் அச்சில் இருக்கிற ஒரே பொய் நான் போட்டது.

ஜூனிலேயே சொல்லியிருந்தால் பெயிண்டாவது தப்பித்திருக்கும். பெயிண்டை எடுக்காதீர்கள் என்று எழுதத் தைரியம் வந்தது, ஏன் என்று எழுத வரவில்லை.

நீங்கள் திட்டி எழுதினால் வாசிப்பேன். ஓப்பலிடம் சொன்னேன். "யாருக்குடி தெரியப்போகுது, விட்டுத்தொலை. அறுபது வருஷத்துக்கு முன்ன செத்த கம்பெனி" என்றாள். எனக்குத் தெரியுமே.

டெல்ஃபா

*

க்ரெஸ்ட்டன்
1974 செப்டம்பர் 17

திருமதி ஸ்டாஃபர்,

தாமதமாக எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் எழுதக் கூடாததை எழுதியிருப்பேன். இரண்டு கடிதங்களை எழுதி மார்ஜிடம் கொடுத்தேன். இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டு, "இன்னொண்ணு எழுது. அதுல உன்னப் பத்தியும் எழுது" என்றாள்.

டெ மாய்னுக்கு வண்டியைக் கொண்டுபோகவில்லை. நான் மட்டும் போனேன். எழுந்து நின்று, வேபிரைட் தகடு போலி, அதை ஏற்றுக்கொண்டது என் பிழை என்று சொன்னேன். பின்வரிசையில் ஒருவன், "வெண்டலுக்கே போலி மருந்து குடுத்துட்டாங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆர்லோவுக்கு இதில் பங்கில்லை, அவர் அதைச் செய்து மறைத்துவைத்த நேர்மையாளர் என்று மட்டும் சொன்னேன். அடுத்த இதழில் அதுவே வரும்.

தங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது நிறுக்காத மருந்து. கோபம் இருக்கிறது. ஆனால் துளை சேரவில்லை என்பதைப் பார்த்தது நான். பதினாறு ஆண்டு பொத்திவைத்த பெயிண்டை ஒரே வாரத்தில் உரித்தது நான். என் மனசாட்சிக்கு ஒரு தகடு தேவைப்பட்டது, தாங்கள் அனுப்பினீர்கள்.

இப்போது அந்தக் கோடு. இலைபோல முடிந்ததே, அது என்னைத் தூங்கவிடவில்லை. கோடு இழுப்பவர்கள் ஒவ்வொருவரும் மூலையை ஒரு மாதிரி முடிப்பார்கள், கையெழுத்துப்போல. ஒருவர் முடிப்பதுபோல இன்னொருவர் முடிக்க மாட்டார். ஆர்லோவின் அப்பா வேபிரைட்டில் கோடு இழுத்தது உண்மைதானே? அதை ஆர்லோவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என் கொட்டகையில் நின்றபோது, "எங்கப்பா மூலைய எப்படி முடிப்பார் தெரியுமா வெண்டல்..." என்று ஆரம்பித்தார். "ஆர்லோ, அதெல்லாம் சான்றில்ல" என்று பேச்சை வெட்டிவிட்டேன். அவர் நிறுத்திக்கொண்டார். காபி குடிக்கப் போனோம்.

அவர் அன்று சொல்ல வந்தது என்ன? தங்களிடம் கட்டாயம் சொல்லியிருப்பார். அவர் அப்பா கோட்டை எப்படி முடிப்பார்? அது இலையாக இருந்தால், இந்த வண்டி வேபிரைட். எனக்குப் போதும். வேறு யாருக்கும் போதாது, ஆனால் என் கண்ணால் பார்த்ததையும் ஆர்லோவின் சொல்லையும் சேர்த்து அச்சிடுவேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வெண்டல் ரஸ்க்

*

டன்லீத்
1974 அக்டோபர் 3

வெண்டல்,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சொன்னார். எத்தனையோ தடவை சொன்னார். சாப்பாட்டு மேசையில், முள்கரண்டியைத் தூரிகை மாதிரி பிடித்துக்கொண்டு, குழம்பில் கோடு இழுத்துக் காட்டுவார். "இப்படி வந்து, இங்க வந்ததும்..." என்று தட்டின் ஓரத்துக்கு வருவார். அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிகிறது. கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. கரண்டி மூலைக்கு வந்து என்ன செய்தது என்று மட்டும் தெரியவில்லை. நான் அப்போது பாத்திரத்தை எடுக்க எழுந்திருப்பேன். அல்லது மறுநாள் புட்டியில் அடைக்க வேண்டிய பீன்ஸை நினைத்துக்கொண்டிருப்பேன். "கேக்குறியா டெல்ஃபா?" என்பார். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ சாப்பிடு, ஆறுது" என்பேன்.

நாற்பத்தி நாலு வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஓப்பலைக் கேட்டேன். அவளுக்கு எங்கே தெரியும். டூயி வீட்டுக்கு நடந்தே போனேன். "ஏதோ வால் மாதிரின்னு சொன்னான்னு நெனைக்கிறேன். இல்ல, அது வேற யாரோ" என்றான். ஆர்லோவுக்குத் தம்பி இல்லை, தங்கை இல்லை. அப்பா இழுத்த கோடு எதுவும் எங்கள் வீட்டில் மிஞ்சவில்லை. கேட்க வேண்டிய இடம் நான் ஒருத்திதான், என்னிடம் இல்லை.

இலை என்று எழுதிவிடலாம். நேற்று ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். "ஆமாம் வெண்டல், இலைதான், அவர் எப்போதும் சொல்வார்." நல்லாத்தான் இருந்தது. நீங்கள் நம்புவீர்கள், நம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆர்லோவும் ஜெயித்துவிடுவார். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் நான் சொன்னால் அது பொய். எனக்குத் தெரியாததை நான் சொல்வதுதானே பொய்.

அதனால் தெரியாது என்று எழுதுகிறேன். தெரியாது வெண்டல். பட்டியலில் அதைப் போட வேண்டாம். உங்கள் வண்டி பெயரில்லாமலே இருக்கட்டும். பச்சையையும் எனக்காக வைத்திருக்க வேண்டாம்.

நீங்கள் அவர் பேச்சை ஒரு தடவை வெட்டியதை நினைத்துத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவைதானே. தூங்குங்கள்.

பத்திரிகையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். நிறுத்த வேண்டாம், என் பெயருக்கு அனுப்புங்கள். அந்தப் பழைய கம்பெனிகளின் பெயர், எஞ்சின் எங்கே வாங்கியது, அச்சு எங்கே வாங்கியது, எதுவும் எனக்குப் புரியாது. மார்ஜிடம் பேசுகிற மாதிரி நீங்களும் அவ்வப்போது எழுதுங்கள், கொட்டகையில் என்ன செய்தீர்கள், எந்தத் திருகாணி எதில் சேரவில்லை என்று. எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன்.

டெல்ஃபா